பெட்ரோல் எங்கே நின்றது?

(வாகனப் பழுது பற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

1888 ஆகஸ்ட் மாதத்து அதிகாலை. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் பெர்த்தா பென்ஸ் என்ற 39 வயதுப் பெண்மணி, கணவருக்குச் சொல்லாமல் அவர் செய்து வைத்திருந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். பதின்வயது மகன்கள் ஓய்கனும் ரிச்சர்டும் கூட இருந்தார்கள். போக வேண்டியது ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு. தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதுவரை உலகில் எவரும் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் போனதில்லை. பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே அப்போது கிடையாது. வழியில் வீஸ்லாக் என்ற ஊரின் மருந்துக்கடையில், துணிக்கறை போக்க விற்ற லிக்ரோயின் என்னும் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டார்.

ஓரிடத்தில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்த்தா தன் தொப்பியில் குத்தியிருந்த நீண்ட ஊசியை உருவி அடைப்பை எடுத்தார். வண்டி மறுபடி ஓடியது.

அந்த ஊசியைப் பற்றி எல்லோரும் வியந்து எழுதியிருக்கிறார்கள். ஊசி எந்தப் பெண்ணின் தொப்பியிலும் அன்று இருந்திருக்கும். அதை எந்தக் குழாயில் விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வண்டியின் மற்ற எதையும் கழற்றாமல், எரிபொருள் வந்த வழியில் அது நின்றுபோன இடத்துக்கு நேராகப் போனார். மோட்டார் வாகன வரலாற்றில் பதிவான முதல் எரிபொருள் பழுதுபார்ப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும். இன்றைய பேச்சு முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியது: கிளம்ப மறுக்கும் வண்டியில் எரிபொருள் எங்கே நின்றது?

‘வண்டி ஸ்டார்ட் ஆகல’ என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் இரண்டு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அல்லது சத்தமே இல்லை என்றால், அது பேட்டரி, செல்ஃப் மோட்டார் சம்பந்தப்பட்டது. எரிபொருளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, கிக்கர் மிதித்தால் எஞ்சின் உருள்கிறது, ஆனால் ‘பிடிக்க’ மாட்டேன் என்கிறது என்றால்தான் எரிபொருளைச் சந்தேகிக்கலாம். அப்போதும் சந்தேகிக்க மட்டும்தான் முடியும். பெட்ரோல் எஞ்சினுக்கு எரிபொருள், காற்று, தீப்பொறி, அழுத்தம் என்ற நான்கும் சரியான நேரத்தில் வேண்டும். பெட்ரோல் ஒரு பங்கு எடையென்றால் காற்று 14.7 பங்கு எடை. இந்த விகிதத்தில்தான் அது முழுதாக எரியும். கலவையில் பெட்ரோல் மிகக் குறைந்தாலும் பற்றாது, மிக அதிகமானாலும் பற்றாது. ‘பெட்ரோல் வரவில்லை’ என்பதும் ‘பெட்ரோல் மூழ்கடித்துவிட்டது’ என்பதும் எதிரெதிர்ப் பழுதுகள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். விடியற்காலை நான்கு மணி. கோயம்பேட்டில் காய்கறி எடுத்துக்கொண்டு போக வந்த ஒருவருடைய பழைய மொபெட் கிளம்பவில்லை. கார்புரேட்டர் வைத்த வண்டி. இருபது முறை மிதித்துவிட்டார். பக்கத்தில் ஒரு மெக்கானிக் பையன் கடை திறக்கிறான்.

“தம்பி, நேத்து ராத்திரி நல்லாத்தான் ஓடுச்சு.”

“கடைசியா எப்பண்ணே பெட்ரோல் போட்டீங்க?”

“நேத்து சாயங்காலம். மழை பிடிக்கிறதுக்குள்ள போட்டுட்டு வந்தேன்.”

“வண்டி எங்க நின்னுச்சு ராத்திரி? மழையிலயா?”

கையில் ஸ்பேனரை எடுக்கும் முன் கேட்கப்படும் இந்த மூன்று கேள்விகளை மிக உயர்வாக மதிக்க வேண்டும். நல்ல வைத்தியர் நாடி பிடிக்கும் முன் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதுபோல இது. நேற்று நன்றாக ஓடி இன்று காலை மறுக்கும் வண்டியில், இடைப்பட்ட நேரத்தில் என்ன மாறியது என்று தெரிந்தால் தேடுமிடம் பாதியாகக் குறைந்துவிடும். கேள்வி கேட்காமல் நேரே கார்புரேட்டரைக் கழற்றுகிறவர் பல நேரம் நல்ல கார்புரேட்டரைக் கெடுக்கிறார்.

அடுத்தது டேங்க். வண்டியை ஆட்டிப் பார்த்தால் உள்ளே அலையும் சத்தம் கேட்கும். பெட்ரோல் டேப் ‘ஆன்’ நிலையில் இருக்கிறதா, ரிசர்வுக்குத் திருப்ப வேண்டுமா என்று பார்க்க ஒரு நொடி போதும். பலர் அந்த ஒரு நொடியைச் செலவிடாமல் அரை நாளைச் செலவிடுகிறார்கள். பிறகு கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, நுனியை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, டேப்பைத் திறக்க வேண்டும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது. எஞ்சின் சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

பாட்டிலில் பெட்ரோல் தடையின்றி விழுந்தால் டேங்கும் டேப்பும் நல்லவை. பழுது அதற்குக் கீழே இருக்கிறது. ஒன்றுமே விழவில்லை என்றால் டேப்பின் வலைவடிகட்டியில் துரு அடைத்திருக்கும். மூன்றாவது வகை ஒன்று உண்டு. முதலில் நன்றாக விழும், போகப் போக மெலிந்து நின்றுவிடும். டேங்க் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும், உடனே பெட்ரோல் பழையபடி ஓடும். மூடியில் இருக்கும் நுண்ணிய காற்றுத் துளையை அழுக்கு அடைத்துவிட்டது என்று பொருள். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும். புதிதாக மாட்டிய டேங்க் கவர் அந்தத் துளையை மூடிக்கொண்டு வண்டியை நிறுத்துவதும் நடக்கும். செலவு ஒரு பைசா இல்லை. தெரியாதவர் கையில் சிக்கினால் புதுக் கார்புரேட்டர் விலை போய்விடும்.

கார்புரேட்டருக்குள் போனால் முதலில் இருப்பது மிதவை அறை. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து குழாயை மூடுவது போலவே, இங்கே மிதவை ஓர் ஊசி வால்வை மூடுகிறது. அது ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் வராது. மூடாமல் நின்றால் கீழே வழிந்துகொண்டே இருக்கும். அறையின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தினால், உள்ளே பெட்ரோல் இருக்கிறதா, எந்த நிறத்தில் இருக்கிறது என்று தெரியும். வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்திருந்தால் பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகி, பிசின் போன்ற படிவு மிஞ்சும். அது முதலில் அடைப்பது, மெதுவோட்டத்தில் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டை. அந்த ஜெட்டின் துளை மிக நுண்ணியது. குத்திச் சுத்தம் செய்கிறேன் என்று கம்பியை விட்டுத் துளையைப் பெரிதாக்கிவிட்டால், பிறகு வண்டி ஒருநாளும் சீராக நிற்காது. கிளீனர் திரவத்தில் ஊறவைத்துக் காற்றடிப்பதே சரி. பெர்த்தாவின் ஊசி 1888இன் குழாய்க்குப் பொருந்தியது. இன்றைய ஜெட்டுக்குப் பொருந்தாது.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதை எந்த மெக்கானிக்கும் சொல்லிக் கொடுத்துவிடுவார். ஆனால் எப்போது பார்ப்பது என்பதுதான் முக்கியம். பத்து முறை மிதித்த உடனே பார்க்க வேண்டும். நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவே இல்லை. பெட்ரோலில் நனைந்திருந்தால் வந்திருக்கிறது, எரியவில்லை; தீப்பொறியைத் தேடுங்கள், அல்லது அளவுக்கு மீறி வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பிளக்கின் நுனியில் முத்து முத்தாக நீர் நின்றால் அது வேறு கதை.

காய்கறிக்காரர் வண்டியில் நடந்தது அந்த வேறு கதைதான் என்று வைத்துக்கொள்வோம். பையன் பாட்டிலில் பிடித்த பெட்ரோலைப் பத்து நிமிடம் ஆடாமல் வைத்தான். மேலே ஒரு அடுக்கு, கீழே ஒரு அடுக்கு. நடுவில் கோடு போட்டதுபோலப் பிரிந்து நின்றது.

இந்தப் பாட்டிலைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் மழைக்காலம் தோறும் பங்க் வாசல்களில் நடக்கும் வாக்குவாதங்களின் வேர் இதில்தான் இருக்கிறது.

பெட்ரோல் தண்ணீரை விட லேசானது. லிட்டர் ஏறத்தாழ முக்கால் கிலோதான் தேறும். பழைய காலத்தில் தண்ணீர் கலந்தால் அது அப்படியே அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கலந்த அளவும் அடியில் கிடந்த அளவும் ஒன்றாகவே இருக்கும். இன்று பங்கில் கிடைப்பது வெறும் பெட்ரோல் அல்ல. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் வடிக்கும் எத்தனால் அதில் கலந்திருக்கிறது. 10 சதவீதக் கலப்பை நாடு 2022 ஜூனில் எட்டியது. 20 சதவீதக் கலப்பு 2023 பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த பங்குகளில் விற்பனைக்கு வந்தது. 2030 என்று வைத்திருந்த இலக்கு 2025க்கு முன்தள்ளப்பட்டது.

எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் தீராத பாசம். சிறிதளவு தண்ணீரை அது தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். எஞ்சினும் அதைப் பொருட்படுத்தாமல் எரித்துவிடும். ஆனால் ஓர் எல்லை உண்டு. 10 சதவீதக் கலப்பில், 15 டிகிரி வெப்பநிலையில், ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லி தண்ணீர், அதாவது ஒரு தேக்கரண்டி. 20 சதவீதக் கலப்பில் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். எல்லை தாண்டியதும் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். குளிர்ந்தால் எல்லை இன்னும் சுருங்கும். மாலையில் கரைந்திருந்தது விடியற்குளிரில் பிரியலாம். “நேத்து ராத்திரி நல்லாத்தான் ஓடுச்சு” என்ற வாக்கியம் பொய்யில்லை.

அடியில் நிற்கும் அந்த அடுக்கு எவ்வளவு பெரிதாக இருக்கும்? 20 சதவீதக் கலப்பில் ஒரு லிட்டருக்குள் எத்தனாலே 200 மில்லி. அதில் பெரும்பகுதி தண்ணீரோடு இறங்கினால், சில கரண்டித் தண்ணீர் பாட்டிலில் ஆறில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு நிற்கும். பார்ப்பவர், “இவ்வளவு தண்ணியையா கலந்து வித்தான்!” என்று கொதிக்கிறார். பங்குக்காரர், “இது தண்ணி இல்ல சார், எத்தனால்” என்கிறார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. கீழே நிற்பது பெரும்பாலும் எத்தனால்தான். ஆனால் தண்ணீர் எங்கிருந்தாவது உள்ளே வராமல் அது பிரிந்திருக்காது. அந்தத் தண்ணீர் பங்கின் நிலத்தடித் தொட்டியில் வந்ததா, வண்டியின் டேங்க் மூடி வழியாக வந்ததா என்பதே விசாரிக்க வேண்டியது.

டேங்கிலிருந்து குழாய் எடுப்பது அடியிலிருந்து என்பதால் எஞ்சினுக்கு முதலில் போவது அந்தக் கீழடுக்கு. அதைக் கொண்டு எஞ்சின் கிளம்பாது. மேலடுக்கும் எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்து நிற்கும். எனவே குலுக்கிக் கலக்குவதோ, மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிப்பதோ வேலைக்கு ஆகாது. டேங்க், குழாய், மிதவை அறை மூன்றையும் முழுதாக வடித்து, டேங்கை உலர்த்திவிட்டுத்தான் புதிதாக ஊற்ற வேண்டும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எத்தனால் நல்ல கரைப்பான். பல வருடமாக டேங்க் சுவரில் ஒட்டியிருந்த படிவை அது கரைத்துக் கொண்டுவந்து வடிகட்டியில் சேர்க்கும். அதற்கென்று செய்யப்படாத ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊதவோ வெடிக்கவோ வைக்கும். கலப்பு மாறிய பிறகு வரும் முதல் சில அடைப்புகளுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றுவிட்டது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் தானாக இறங்கி வருவதில்லை. டேங்குக்குள்ளேயே ஒரு மின்பம்ப் உட்கார்ந்து, சுமார் 3 பார் அழுத்தத்தில் அதைத் தள்ளுகிறது. இங்கே முதல் சோதனைக் கருவி காது. சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட்டரைத் தொடாமல், அமைதியாகக் கேளுங்கள். இரண்டு மூன்று நொடிகள் டேங்கிலிருந்து மெல்லிய ‘ஊம்ம்’ சத்தம் வந்து நிற்க வேண்டும். வந்தால் பம்ப்புக்குக் கரண்ட் வருகிறது. வராவிட்டால் பம்ப்பை மாற்ற ஓட வேண்டாம். கில் சுவிட்ச், ஃபியூஸ், ரிலே என்ற வரிசையில் பார்த்த பிறகுதான் பம்ப். பல வண்டிகளில் சாய்வு உணரி ஒன்றும் இருக்கிறது. வண்டி கீழே விழுந்தால் தீ பிடிக்காதிருக்க அது எரிபொருளை நிறுத்திவிடும். நிமிர்த்திய பின் சாவியை அணைத்து மறுபடி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது தெரியாமல் விழுந்த வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்க மனம் வேதனைப்படும்.

சத்தம் வருகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் அழுத்தமானி வைத்து அளக்காமல் எதையும் தீர்மானிக்கக் கூடாது. பம்ப் சுற்றலாம், வடிகட்டி அடைத்திருந்தால் அழுத்தம் வராது. எப்போதும் ரிசர்வ் விளிம்பிலேயே ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் சாகும். அந்த மோட்டாரைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். ஐம்பது ரூபாய்க்குப் போட்டு ஓட்டும் நிலையில் இருப்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐம்பது ரூபாய்ப் பழக்கம் பின்னால் பெரிய செலவாக வரும் என்பதை அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

வெயில் செய்யும் வேலை ஒன்று உண்டு, இப்போது அரிதாகிவிட்டது. 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரை ஊட்டி மலைப்பாதையில் ஓட்டிய பழைய டிரைவர்கள் அறிவார்கள். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரிக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கும். எஞ்சின் உடம்போடு ஒட்டியிருந்த பம்ப் சூடேறினால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் நிற்கும். ஆவியை அந்தப் பம்ப்பால் இழுக்க முடியாது. டிரைவர் பானெட்டைத் தூக்கி, பம்ப் மேல் ஈரத்துணி போட்டு, டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்வார். எந்தப் பாகமும் மாற்றாமல், சரியான இடத்தில் போட்ட ஒரு துணியால் சரிசெய்த அந்த மனிதர்களின் அறிவுக்குத் தலைவணங்கத் தோன்றுகிறது.

டீசல் வண்டியின் மொழி வேறு. அங்கே காற்றுதான் எதிரி. டீசல் தீர்ந்து நின்ற டிராக்டரில் மறுபடி டீசல் ஊற்றினாலும் கிளம்பாது. குழாயில் காற்று நிற்கும். ‘ஏர் புடிச்சுக்கிச்சு’ என்பார்கள். வடிகட்டியின் மேலிருக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடித்து, குமிழ் நின்று சுத்தமான டீசல் வரும்வரை ‘ஏர் எடுக்க’ வேண்டும். டீசல் வருகிறதா இல்லையா என்பதைச் சொல்வது புகைக்குழாய். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக்கையும் அழுத்தத்தையும் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. இன்றைய காமன் ரெயில் வண்டிகளில் மட்டும் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வழக்கம் ஆகாது. ஓடும்போது அதில் நிற்கும் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து விரலுக்குள் புகுந்தால் வெளியே சிறு புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும்.

குளிர் நாட்டு டீசல் பழுது நமக்குப் பழக்கமில்லை. லடாக்கில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். அங்குள்ளோருக்காக, மைனஸ் 33 டிகிரி வரை இறுகாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது.

எச்சரிக்கை ஒன்று மிக அவசியம். டேங்கிலிருந்து பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் இன்னும் தெருவுக்குத் தெரு இருக்கிறது. விழுங்குவதை விட, ஒரு மிடறு நுரையீரலுக்குள் போவதே பெரிய ஆபத்து. அது மெல்லிய படலமாகப் பரவிக் கடுமையான நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். அப்படி ஆனவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியின்போது மறுபடி உள்ளே போகும். நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கையால் அமுக்கும் உறிஞ்சு பம்ப் ஒன்று ஒர்க்‌ஷாப்பில் இருந்தால் எந்தப் பையனும் வாய் வைக்க வேண்டியதில்லை.

காய்கறிக்காரரிடம் திரும்புவோம். வண்டி வடித்துக் கிளப்பப்பட்டுவிட்டது. பையன் அந்தப் பாட்டிலைக் கொட்டாமல் மூடி போட்டு அவர் கையில் கொடுத்தான். “பில்லு இருக்காண்ணே? அதோட இதைக் கொண்டுபோய்க் காட்டுங்க. சண்டை போடாதீங்க, டிப் பாக்கச் சொல்லுங்க.”

பங்கில் நிலத்தடித் தொட்டிக்குள் விட்டு அளக்கும் நீண்ட கோல் ஒன்று உண்டு. அதன் நுனியில் ஒரு பசையைத் தடவி இறக்கினால், தண்ணீர் பட்ட உயரம்வரை பசையின் நிறம் மாறும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்றே தனிப் பசை இருக்கிறது. அடர்த்தியைச் சோதித்துக் காட்டும்படியும், வடிதாள் சோதனை செய்யும்படியும், 5 லிட்டர் அளவுக் கலத்தில் பிடித்துக் காட்டும்படியும் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு; புகார்ப் புத்தகமும் கேட்கலாம். அதே மாலையில் அங்கே போட்ட இன்னும் நான்கு வண்டிகள் நின்றிருந்தால் தண்ணீர் அந்தத் தொட்டியில் இருக்கிறது. இவருடையது மட்டும் நின்றிருந்தால், இரவு மழையில் நனைந்த டேங்க் மூடியின் ரப்பர் வாஷரை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது காய்ந்து வெடித்திருக்கும்.

அந்த வாஷரை வாங்கி மாட்டிக்கொண்டு அவர் மூட்டையை ஏற்றினால், ஆறு மணிக்குள் தெருவுக்குள் போய்விடலாம்.